ஆறு எண், ஆறு சனிக்கிழமை

இரண்டாயிரத்துப் பதினேழு ஜூலை முதல் தேதியிலிருந்து என் வீட்டில் நான்தான் ஆட்சி செய்வது என்று முடிவு செய்தேன். அந்தத் துணிச்சலைக் கொடுத்தது பேங்கிலிருந்து வந்த ஒரு கடிதம்.

இனிமேல் கடையில் கார்டைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. ஆறு இலக்க பின் நம்பரை மெஷினில் அழுத்த வேண்டும். அந்த நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது. குடும்பத்தாரிடம்கூடச் சொல்லக் கூடாது. கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அது அப்படியேதான் இருந்தது. பேங்கு எனக்கு எழுதியதிலேயே இனிமையான கடிதம் அதுதான்.

என் பெயர் புவனேஸ்வரன். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி. கொழுந்து மூட்டையை நிறுத்து எடையை எழுதுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டம் எனக்குத் தைரியம் கொடுத்திருக்கும் என்று தோட்டத்தில் நினைக்கிறார்கள். இல்லை. என்னென்ன தவறாகப் போகலாம் என்ற விவரத்தைத்தான் கொடுத்தது. மற்றவர்கள் ஒரு விஷயத்துக்கு ஒரு பயம் பயப்பட்டால், நான் ஆதாரத்தோடு ஐந்து பயம் பயப்படுவேன்.

கையெழுத்துக் காலத்தில் என் கார்டு என் மனைவி பூவிழியின் கைப்பையில் குடியிருந்தது. கடைக்குப் போவாள், வாங்குவாள், என் கையெழுத்தைப் போடுவாள். தப்பு என்று சொல்லிப் பார்த்தேன்.

"அடுத்தவங்க கையெழுத்தப் போடறது சட்டப்படி குத்தம், பூவிழி."

"நீங்க அடுத்தவங்களா?"

இதற்குப் பல்கலைக்கழகத்தில் பதில் சொல்லித் தரவில்லை.

ஒருமுறை தானா ராத்தா டவுனில் செருப்பு வாங்க நானே கார்டை எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கார்டைப் பார்த்தார். கையெழுத்து ஒத்துப் போகவில்லை என்றார். எப்படி ஒத்துப் போகும்? கார்டின் முதுகில் என் கையெழுத்தைப் போட்டதே பூவிழிதான். அவள் போட்ட என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் காப்பியடித்த பிறகுதான் செருப்பு கிடைத்தது.

ஆகவே பேங்குக் கடிதத்தை நான் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பூவிழிக்கு ஒரு டிரையர் வேண்டும். துணி காய வைக்கும் மெஷின். எங்கள் மகள் ரூபினிக்கு அப்போது பத்து மாதம். கேமரனில் துணி காயாது. திங்கட்கிழமை கொடியில் போட்ட துணி வியாழக்கிழமை இன்னும் ஈரமாக இருக்கும். வெயிலுக்குப் பதிலாகப் பனி வந்து தடவிவிட்டுப் போகும். அவள் கேட்டது நியாயம். ஆனால் அந்த மாதிரி மெஷின் ஒன்று எங்கோ புகைந்தது என்று நான் படித்திருக்கிறேன். அது எந்த நாடு என்று மறந்துவிட்டது. புகை மட்டும் நினைவிருக்கிறது.

ஜூலை முதல் தேதி சனிக்கிழமை. காலைப் பசியாறலுக்குப் பிறகு அறிவித்தேன்.

"இன்னிலேர்ந்து கார்டு எங்கிட்ட இருக்கும். வீட்டுல ரொக்கமும் இருக்காது. எல்லாத்துக்கும் கார்டு. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். சும்மா தட்டினாலே காசு போற வசதி ஒண்ணு இருந்துச்சு. அதையும் பேங்குல சொல்லி நிறுத்திட்டேன்."

ரூபினிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பூவிழி நிமிரவில்லை.

"எங்கிட்டயும் சொல்லக் கூடாதா?"

"கூடாது. நான் சொல்லல. பேங்கு சொல்லுது. இந்தா, படிச்சுப் பாரு."

"நீங்க படிச்சா போதும். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாட்டைப் பிடித்துவிட்டுக் கொடி நட இடம் தேடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப சட்டையப் போடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அரிசி தீந்துபோச்சு. பால்மாவும் இல்ல. கார்டு மட்டும் கடைக்குப் போனா போதாதுல்ல? நம்பரும் வரணும். நம்பர் உங்க மண்டைக்குள்ள இருக்கு. மண்டை தனியா வராது. நீங்களும் வாங்க."

சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் பூப்பந்து. தோட்டத்து மண்டபத்தில் பயிற்சி. ஆனால் ஆட்சி என்றால் சில பொறுப்புகள் இருக்கும். சட்டையைப் போட்டேன்.

ரிங்லெட் மளிகைக் கடையில் அன்று நல்ல கூட்டம். எங்கள் தோட்டத்துப் பெண்களே ஏழெட்டுப் பேர். எனக்கு நேர் பின்னால் பக்கத்து வீட்டு மணியம்மா. கடைக்காரப் பெண் மெஷினை என் பக்கம் திருப்பி, "நம்பர் அமுக்குங்க அண்ணே" என்றாள்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் கிராணி எந்த எடையையும் வாயைத் திறக்காமல் எழுதக் கூடாது. தராசைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். கொழுந்து கொண்டுவந்தவர் அதைத் திருப்பிச் சொல்லி, "சரி" என்க வேண்டும். அப்புறம்தான் பேனா தாளைத் தொடும். எடையில் சண்டை வராமலிருக்க எப்போதோ வந்த வழக்கம். வேலைக்கு வரும் வங்கதேசத்து ஆட்கள்கூட முதலில் கற்றுக்கொள்வது தமிழ் எண்களைத்தான். நான்கு வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை எண்ணைப் பார்த்துக் கத்துகிறேன். கை எண்ணைத் தொட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

மெஷினை அழுத்தினேன்.

"நாலு!"

பின்னால் மணியம்மா, "நாலு" என்றார்.

"ஏழு!"

"ஏழு" என்று நாலைந்து குரல்கள்.

"ஒண்ணு! ஒண்ணு! எட்டு! மூணு!"

"நாலு ஏழு ஒண்ணு ஒண்ணு எட்டு மூணு. சரி கிராணி, எழுதிக்குங்க" என்றது வரிசை மொத்தமும்.

ரசீது வெளியே வந்தது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. பூவிழி கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"குடும்பத்தார்கிட்டதான் சொல்லக் கூடாது. தோட்டத்துக்குச் சொல்லலாம் போல" என்றாள், படி இறங்கும்போது.

"நாளைக்கே மாத்திடுவேன்."

"மாத்துங்க. இல்லாட்டி திங்கக்கிழமை யாராச்சும் கொழுந்துக்குப் பதிலா அந்த நம்பரக் கொண்டாந்து தராசுல வச்சிரப் போறாங்க."

மறுநாளே தானா ராத்தாவுக்குப் போய் ஏ.டி.எம்.மில் நம்பரை மாற்றினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பிரச்சினை என் வாயில் இருக்கிறது. வாயை அடைக்க வேண்டும். கண்டுபிடித்தேன். ஆசாம் போய். உப்பும் புளிப்புமாகக் காய்ந்த பிளம் பழம். ஒன்றை வாயில் போட்டால் முகம் முழுவதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பேச நினைத்தாலும் உதடு பிரியாது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். ஒரு சத்தம் வெளியே வரவில்லை. கடைக்காரப் பெண்தான் பூவிழியிடம் மெதுவாக, "அண்ணனுக்குப் பல்லு வலியா அக்கா?" என்று கேட்டாளாம்.

ரகசியம் காப்பாற்றப்பட்டது. சனிக்கிழமைகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

முன்பெல்லாம் பூவிழி மாதத்துக்கு இரண்டு தடவை கடைக்குப் போவாள். இப்போது வாராவாரம். முன்பு ஐந்து கிலோ அரிசி வாங்குவாள். இப்போது பத்து. கேட்டால், "முன்ன நான் ஒருத்தியா தூக்கினேன். இப்ப நம்பரும் கூட வருதுல்ல, அதுக்குக் கையி இருக்கு" என்பாள். பாத்திரக் கடை. துணிக்கடை. மருந்துக் கடை. ஒரு கடையில் அவள் நாற்பது நிமிடம் வாளி பார்த்தாள். சிவப்பு வாளியா, நீல வாளியா என்று என்னைக் கேட்டாள். நீலம் என்றேன். சிவப்பை எடுத்தாள். நான் ஆசாம் போயை வாயில் போட்டுக்கொண்டு போய்ப் பணம் கட்டினேன்.

இதற்கிடையில் என் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது.

தோட்டத்துப் பூப்பந்துப் போட்டி. இரட்டையர் பிரிவு. என் ஜோடி டொனால்ட். தேயிலைத் தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், நல்ல ஆட்டக்காரர். மூன்று வருடமாக நாங்கள் சேர்ந்து ஆடி, மூன்று வருடமும் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். இந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். முதல் சுற்றில் எதிர் ஜோடி வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. இரண்டாவது சுற்றில் எதிர் ஜோடியில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. அரையிறுதியில் டொனால்ட் இடதும் வலதுமாகப் பறந்து பறந்து அடித்தார். நான் நிதானமாக ஆடுவேன். சந்தேகமான பந்தைத் தொடவே மாட்டேன். அந்தப் போட்டி முழுவதும் நான் ஒரு தவறான அடிகூட அடிக்கவில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட நான் பரிசு வாங்கியதில்லை. சான்றிதழ் நிறைய இருக்கிறது, கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. கோப்பை வந்தால் வைப்பதற்குச் சுவரில் ஒரு பலகை அடித்து வைத்தேன். இறுதி ஆட்டம் ஆகஸ்டு ஐந்தாம் தேதி, மத்தியானம் இரண்டு மணி. மேனேஜர் துரை கையால் பரிசு.

ஆகஸ்டு ஐந்தும் சனிக்கிழமை.

வியாழக்கிழமை பூவிழி சொன்னாள்: "பிரிஞ்சாங் கடையில டிரையர் மலிவு விலை. சனிக்கிழமையோட முடியுது."

"அடுத்த வாரம் யோசிப்போமே."

"யோசிக்கறத எட்டு மாசமா யோசிக்கிறீங்க. பிள்ள துணிய அடுப்பு மேல புடிச்சுக் காய வைக்கிறேன். தீப்பிடிக்கும்னு பயந்தா அதுக்குல்ல பயப்படணும்?"

இது எனக்குத் தோன்றாத ஆறாவது பயம். ஒரு நிமிடம் அடுப்பைப் பார்த்தேன். டிரையர் வாங்குவது என்று அந்த இடத்திலேயே சம்மதித்தேன். சிக்கல் இப்போது டிரையர் இல்லை, சனிக்கிழமை. நான் என் ஆட்சியின் முக்கியமான சட்டத்தைக் கைவிடத் தயாரானேன்.

"பூவிழி, நீயே போய் வாங்கிட்டு வந்துரு. கார்டு இந்தா. நம்பரச் சொல்றேன், கேட்டுக்க."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, சொல்லாதீங்க!"

"ஏன்?"

"குடும்பத்தார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்கதானே காமிச்சீங்க? நான் படிக்காதவதான். ஆனா பேங்க மதிக்கிறவ."

"பரவால்ல, ஒரே ஒரு தடவ..."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? என்னைப் புடிச்சு கேட்டா? 'உன் வீட்டுக்காரர் கிராணியாமே, சட்டம் தெரிஞ்சவராமே, அவரா சொன்னாரு?'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

நான் சொல்ல வேண்டிய வாதம் எல்லாம் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. தாளில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று மூன்றாவது வரியில் இருக்கிறது என்றாள். கடிதத்தை எப்போது படித்தாள் என்று தெரியவில்லை.

"காலையிலயே போயிட்டு ஒரு மணிக்குள்ள வந்துருவோம்லா. இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு" என்றாள்.

வெள்ளிக்கிழமை டொனால்டைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் பெருந்தன்மையான மனிதர்.

"குடும்பந்தான் முக்கியம், புவன். அவசரப்படாத. மெதுவா வா. மலைப்பாத, காடிய வேகமா ஓட்டாத."

"நான் வரலைன்னா?"

"கோலா தெர்லாவுலேர்ந்து என் மச்சான் எட்ரியன வரச் சொல்லிருக்கேன். ராஜ்ய அளவுல ஆடினவன். சும்மா ஒரு துணைக்கு. நீ கவலப்படாத."

"நான் ரெண்டு மணிக்குள்ள கட்டாயம் வந்துருவேன்ணே."

"முடிஞ்சா வா" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. எனக்கும் கண் கலங்கியது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே காடியில் ஏறிவிட்டேன். காற்சட்டைக்கு உள்ளே விளையாட்டுக் காற்சட்டை. பின் இருக்கையில் மட்டை. ரூபினியை மணியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒன்பதரைக்கு வரவேண்டிய பூவிழி பத்தரைக்கு வந்தாள்.

பிரிஞ்சாங் வந்ததும், "நேரா போங்க. கியா பார்ம்ல மோகனாவப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். மோகனா, கல்யாணத்துக்கு முன்பு இவளோடு காய்கறிக் கடையில் வேலை செய்தவள்.

"இன்னிக்கா? சனிக்கிழமையா? அங்க போனா திரும்ப முடியாது, பூவிழி!"

"அஞ்சே நிமிஷம்."

சனிக்கிழமை கியா பார்ம் சாலையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சமவெளி மக்கள் அத்தனை பேரும் ஸ்ட்ராபெரி பார்க்க வந்திருப்பார்கள். ஒரு பேருந்து நின்றால் மலையே நிற்கும். போக ஒரு மணி நேரம். மோகனாவும் இவளும் ஐந்து நிமிடப் பேச்சை ஐம்பது நிமிடம் பேசினார்கள். திரும்ப ஒன்றேகால் மணி நேரம். எங்களுக்கு முன்னால் ஒரு முட்டைக்கோஸ் லோரி. அதன் பின்புறத்தில் இருந்த முட்டைக்கோஸ்களை ஒவ்வொன்றாக எனக்கு அடையாளம் தெரியும் அளவுக்கு நின்றோம்.

"மணி ஒண்ணே முக்கால்!"

"உங்க ஆட்டம் என்னிக்கு நேரத்துல தொடங்கிருக்கு? துரை வர ரெண்டரை ஆயிரும். மூச்ச விடுங்க."

பிரிஞ்சாங் மின்சாதனக் கடைக்குள் நுழையும்போது இரண்டு பத்து. டிரையரைக் காட்டினார்கள். பூவிழி அதன் கதவைத் திறந்தாள், மூடினாள், உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். இன்னொன்றைக் காட்டச் சொன்னாள். முதலாவதே நல்லது என்றாள். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா, எத்தனை மணிக்கு, யார் மாட்டித் தருவார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். இரண்டு நாற்பதுக்குத்தான் கடை முதலாளியான தவுக்கே மெஷினை என் முன்னால் வைத்தார்.

ஆசாம் போயை வாயில் போட்டேன். அழுத்தினேன். மெஷின் கோபமாக ஒரு சத்தம் போட்டது.

"நம்பர் சாலா, போஸ்" என்றார் தவுக்கே. தப்பு நம்பர்.

என் மனம் மண்டபத்தில் இருந்தது. டொனால்ட் தனியாக நிற்பது கண்ணில் தெரிந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே சத்தம்.

மூன்றாவது தடவையும் தப்பானால் கார்டு பூட்டிக்கொள்ளும். கடிதத்தின் ஐந்தாவது வரி. வியர்த்துவிட்டது. கேமரனில் வியர்ப்பது அபூர்வம். பழைய நம்பர் நினைவுக்கு வந்தது. மணியம்மாவின் நேற்றைய எடை நினைவுக்கு வந்தது. புது நம்பர் மட்டும் வரவில்லை. பழத்தை வெளியே எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"பூவிழி... நம்பர் மறந்துபோச்சு."

"தள்ளுங்க" என்றாள்.

கையை நீட்டி ஆறு எண்களை அழுத்தினாள். நிதானமாக. மாவு பிசைகிற நிதானம். மெஷின் இனிமையாக ஒலித்தது. ரசீது வந்தது.

என் முகம் முழுவதும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஆசாம் போய் இல்லாமலேயே.

"உனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு வார்த்த வெளிய விடலியே!"

"வாயத்தானே மூடினீங்க? கைய மூடலியே. அஞ்சு வாரமா பக்கத்துலதானே நிக்கிறேன்."

"வியாழக்கெழம காதப் பொத்தினியே! தெரிஞ்ச நம்பருக்கா பொத்தின?"

"தெரிஞ்சத எதுக்கு இன்னொரு தடவ கேக்கணும்?"

கடைக்கு வெளியே வந்தோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. ஐந்து வாரமாக மனத்தில் கிடந்த சிவப்பு வாளியும் பத்துக் கிலோ அரிசியும் ஒன்றாகக் கிளம்பி என் தொண்டைக்கு வந்தன.

"நம்பர் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுக்கு என்னைச் சனிக்கெழமை சனிக்கெழமை இழுத்துக்கிட்டு அலைஞ்ச?"

"மூட்ட தூக்கத்தான்."

"சரி. இன்னிக்கு? டிரையர அவங்களே வேன்ல கொண்டாந்து தராங்க. தூக்க ஒண்ணும் இல்ல. இறுதி ஆட்டம்னு உனக்குத் தெரியும். இன்னிக்கு எதுக்கு?"

பூவிழி காடிக் கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள். அவள் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

"டொனால்ட் அண்ணன் கெஞ்சிக் கேட்டாருங்க. 'மூணு மணி வரைக்கும் அவன எங்கயாச்சும் வச்சுக்க தங்கச்சி, இந்த வருஷமாச்சும் ஜெயிச்சுக்கிறேன்'னு."